சிவப்புக் கயிற்றை எப்போது இழுப்பது? விமானப் பாதுகாப்பு கேள்வி-பதில்

விமானப் பணியாளர்களுக்கு அவசரகாலப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆண்டில் பாதி நாட்கள் நீச்சல் குளத்தின் ஓரத்தில்தான் கழிகின்றன. விமானம் தண்ணீரில் இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதக் கூடாது என்கிறார்களே, ஏன்? முன்கூட்டியே ஊதிக்கொண்டு தயாராக இருப்பது நல்லதுதானே? (திருச்சி வாசகர்)

நல்லதில்லை. உயிரையே பறிக்கக்கூடிய தவறு அது. 1996 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 767 விமானம் கடத்தப்பட்டது. வானிலேயே எரிபொருள் தீர்ந்துபோய், கொமோரோஸ் தீவுக்கரையை ஒட்டிய கடலில் இறங்கியது. இடது இறக்கை முதலில் நீரில் பட்டு விமானம் உடைந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலில் தப்பித்தவர்களிலும் சிலர் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம், ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிட்டதுதான்.

காரணம் எளிது. கேபினுக்குள் தண்ணீர் புகுந்து ஏறும்போது, ஊதிய ஜாக்கெட் உங்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூரையோடு ஒட்டவைத்துவிடும். கதவோ அதற்குள் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். முங்கிப் போகலாம் என்று பார்த்தால் ஜாக்கெட் விடாது.

அதனால் தலை வழியாக மாட்டுங்கள், இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள், கதவுக்கு வந்து வெளியேறும் அந்த நேரத்தில் சிவப்புக் கயிற்றை இழுங்கள். ஜாக்கெட்டை ஊதும் சிறிய வாயு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் தோள் பக்கம் இருக்கும் குழாயில் வாயால் ஊதலாம். இடுப்புப் பட்டையை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அதைக் கட்டாமல் குதித்தால் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும், கழன்றும் போகும். 2009இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் ஏ320 இறங்கியபோது 155 பேரும் பிழைத்தார்கள். ஆனால் ஜாக்கெட்டை முறையாகக் கட்டியிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் மகள் கேபின் க்ரூ வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர்ப் பயிற்சி உண்டு என்கிறார்கள், பயமாக இருக்கிறது. (நாகர்கோவில் வாசகி)

பயப்படாதீர்கள் அம்மா. நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பயிற்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தால் பக்கத்துக் குளத்தில் சேர்த்துவிடுங்கள். வேகமாக நீந்தத் தெரிய வேண்டியதில்லை. தண்ணீரில் முகம் பட்டால் பதறாமல் இருக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

எங்கள் குளத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஜாக்கெட் போட்டுக் குதிப்பார்கள். கயிற்றை இழுத்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம், அடுத்த கணம் கழுத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்த மாதிரி இறுக்கும். முதன்முறை எல்லோருமே திடுக்கிடுவார்கள். அப்புறம் மல்லாந்து கால்களை உதைத்து நகர்வது, மயங்கியவராக நடிப்பவரை இழுத்து வருவது, வட்டமாகக் கைகோத்துச் சேர்ந்து மிதப்பது. கடைசியில் ராஃப்ட், அதாவது காற்றடைத்த உயிர்காப்பு மிதவை. நீந்தியதைவிட எல்லோரும் மூச்சு வாங்குவது அதில் ஏறும்போதுதான். உடுப்பெல்லாம் நனைந்து உடம்பு இரண்டு மடங்கு கனக்கும், ஜாக்கெட் நெஞ்சில் முட்டும், விளிம்பு வழுக்கும். உள்ளே இருக்கும் ஒருவர் தோள்பட்டையில் பிடித்து இழுத்தால்தான் ஏற முடியும். முதலில் ஏறியவர் திரும்பி அடுத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே அங்கே புரிந்துவிடும்.

உயரம் குறைந்த ஒரு பெண், நீச்சலே தெரியாதவர், மூன்று முறை ராஃப்டிலிருந்து வழுக்கி விழுந்தார். நான்காவது முறை ஏறிவிட்டு, அடுத்து வந்த நான்கு பேரை இழுத்துப் போட்டதும் அவர்தான். உங்கள் மகளுக்கும் வரும்.

ஹட்சன் ஆற்றில் ஜாக்கெட் இருந்தது, படகுகளும் வந்தன. நடுக்கடலில் நீச்சல் தெரியாதவன் என்ன செய்வது? (யாழ்ப்பாணம் வாசகர்)

மிதக்க வைப்பது ஜாக்கெட்டின் வேலை. உங்கள் வேலை மூச்சைக் கட்டுப்படுத்துவது. குளிர்நீரைப் பற்றிப் பயிற்சியில் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வோம். மூச்சு ஒழுங்குக்கு வர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஹட்சனில் அன்று தண்ணீர் 5 டிகிரி செல்சியஸ்தான், மீட்புப் படகுகள் சில நிமிடங்களில் வந்ததால் பிழைத்தார்கள். வங்கக் கடல் அப்படியில்லை. அங்கே வெயிலும் தாகமும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போவதும்தான் எதிரி. குளிர்நீரில் தனியாக இருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்குங்கள், கூட்டமாக இருந்தால் ஒருவரையொருவர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டில் விசிலும், தண்ணீர் பட்டதும் எரியும் விளக்கும் இருக்கும். கடல் நீரை மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள்.

மகன் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலைக்குப் போகிறான். ஹெலிகாப்டரைத் தலைகீழாகக் கவிழ்க்கும் பயிற்சி என்கிறானே, அது உண்மையா? (கடலூர் வாசகர்)

உண்மைதான். ஹியூட் என்று அழைப்பார்கள், நீருக்கடியில் ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சி. ஹெலிகாப்டரின் எஞ்சினும் சுழலும் பாகங்களும் மேலே இருப்பதால் எடையும் மேலேயே. மிதவைப் பலூன்கள் விரியாவிட்டால், அல்லது அலை பெரிதாக இருந்தால், தண்ணீரில் பட்டதும் அது கவிழ்ந்துவிடும். 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயல் பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பயிற்சியில் கூண்டு போன்ற ஒரு கேபினில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, குளத்தில் இறக்கி, அப்படியே புரட்டுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும், எது மேலே எது கீழே என்று தெரியாது. அந்தக் குழப்பத்தை ஒரு முறையாவது அனுபவிப்பதற்குத்தான் பயிற்சி. ஒரு கை ஜன்னல் சட்டத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கேபின் புரண்டு நின்ற பிறகு ஜன்னலைத் தள்ள வேண்டும். பெல்ட்டைக் கழற்றுவது கடைசியில். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெல்ட்டைக் கழற்றத்தான். கழற்றினால் உடம்பு மிதந்துபோய், பிடித்திருந்த ஜன்னல் எங்கே என்றே தெரியாமல் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் சுற்றில் பதறினாலும் இரண்டாவதில் பழகும் என்று மகனிடம் சொல்லுங்கள். தண்ணீருக்குள் டைவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பார்கள்.

எந்த சீட் பாதுகாப்பானது? (கோவை வாசகர்)

அப்படி ஒரு சீட்டைக் குறிப்பிட்டுச் சொல்ல என்னால் முடியாது. உட்கார்ந்ததும் நான் செய்வதைச் சொல்கிறேன். முன்னாலும் பின்னாலும் இருக்கும் கதவுகள் வரை வரிசைகளை எண்ணுவேன். இருட்டில், புகையில் கண் உதவாது, சீட் முதுகைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம். சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஜாக்கெட் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பிரிக்க மாட்டேன், பிரித்தால் அடுத்தவருக்கு ஜாக்கெட் இல்லை. பெல்ட்டை மூன்று முறை போட்டுக் கழற்றுவேன். பதற்றத்தில் கை காரின் பெல்ட் என்று நினைத்துப் பொத்தானைத் தேடும். விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும்.

விமானம் தண்ணீரில் இறங்கினால் பின் கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். ஹட்சனில் விமானத்தின் வால் தாழ்ந்து பின்பக்கம் தண்ணீர் புகுந்தது, அந்தக் கதவுகள் பயன்படவில்லை.

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கலாமா? பாஸ்போர்ட் அதில்தானே இருக்கிறது. (சென்னை வாசகி)

வேண்டாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 தீப்பிடித்தது. 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட்டன, ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. ஆனாலும் 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பெரும்பாலோர் பைகளை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது அதில் பெரிய பங்கு. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

10 மாதக் குழந்தையோடு சிங்கப்பூர் போகிறேன். குழந்தைக்கு ஜாக்கெட் எங்கே இருக்கும்? (மதுரை வாசகி)

உங்கள் சீட்டுக்கு அடியில் இருப்பது பெரியவர்களுக்கானது. கைக்குழந்தைக்கானதை ஊழியர்கள் தனியாக வைத்திருப்பார்கள். ஏறியதுமே "பாப்பாவுடையது எங்கே, எப்படிப் போடுவது?" என்று கேளுங்கள். சலித்துக்கொள்ள மாட்டார்கள், நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அவசரம் என்று வந்தால் முதலில் உங்களுடையதைப் போட்டுக் கட்டுங்கள், அப்புறம் குழந்தைக்கு. மனசு கேட்காதுதான். ஆனால் இரண்டு கையும் உங்களுக்கு நிதானமாக இருந்தால்தான் அந்தச் சின்ன முடிச்சைப் போட முடியும்.