ஒரே வண்டியில் துருக்கியும் வெனிசுவேலாவும்

கேள்வி: ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் துருக்கி உணவும் வெனிசுவேலா உணவும் சேர்த்து விற்கும் ஃபுட் டிரக் ஒன்று நிற்கிறது. இணையத்தில் பாதிப் பேர் 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், பாதிப் பேர் 1. நடுவில் ஆளே இல்லை. மகன் பிறந்தநாளுக்கு 20 பேருக்கு அங்கே சொல்லலாமா?

பதில்: நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். யார், எதை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். இந்த வண்டிக்குள் இருப்பது இரண்டு சமையல், இரண்டுக்கும் வேறு வேறு கடிகாரம்.

அரேப்பா என்பது முன்பே வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கை அளவுக்குத் தட்டி, கல்லில் சுட்டு, வயிற்றைக் கீறி உள்ளே எதையாவது அடைப்பது. 1960இல் 'பான்' என்ற பிராண்டின் மாவு பாக்கெட்டில் வரும்வரை வெனிசுவேலாவில் பெரும்பாலும் சோளத்தை உரலில் குத்தித்தான் செய்தார்கள். கேட்ட பிறகு தட்டிப் போட்டால் உள்ளே வேகப் பத்துப் பதினைந்து நிமிடமாவது பிடிக்கும். எனவே "இருபது நிமிடம் நிற்க வைத்துவிட்டார்கள்" என்ற 1 நட்சத்திரத்தை நான் பாராட்டாகவே படிப்பேன். உங்கள் ஊரைக் கேலியாக 'கேட்டிசுவேலா' என்று சொல்லும் அளவுக்கு அங்கே வெனிசுவேலாக்காரர்கள் இருக்கிறார்கள். ஆறிப்போன அரேப்பாவைக் கொடுத்து அவர்களிடம் தப்பிக்க முடியாது.

துருக்கியின் டோனர் நேர் எதிர். நம் ஊர் ஷவர்மாவுக்கு அண்ணன் அது. கம்பியில் அடுக்கிய இறைச்சி சுழன்று வெந்துகொண்டிருக்கும், வெளிப்புறம் முறுகினதும் சீவிக் கொடுப்பார்கள். கூட்டம் இருந்தால்தான் ருசி. கூட்டம் இல்லாவிட்டால் காய்ந்துகொண்டே போகும். ஒருமுறை வேறொரு வண்டியில் மாலை மூன்றரைக்குப் போனேன். கடைக்காரர் கம்பிப் பக்கம் திரும்பவே இல்லை. மூடி போட்ட எவர்சில்வர் தட்டிலிருந்து முன்பே சீவி வைத்ததை எடுத்துக் கல்லில் ஒரு புரட்டு புரட்டினார். ஓரமெல்லாம் வற்றல். பக்கத்தில் நின்றவர் வாங்கிய 'ரெய்னா பெப்பியாதா' அரேப்பாவிலிருந்து ஆவி பறந்தது. கோழியும் அவகாடோவும் கலந்த அதற்கு, 1955இல் உலக அழகியான சுசானா டுயிம் நினைவாகப் பெயர் வைத்தார்களாம். அன்று நான் விமர்சனம் எழுதியிருந்தால் 1 நட்சத்திரம், அவர் எழுதியிருந்தால் 5. ஒரே ஜன்னல், ஒரே நேரம்.

சீவி வைத்து விற்பது தப்பில்லை. 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு விதிக்கோவை, அவ்வளவுதான். ருசிக்கு விதி கிடையாது.

சரி, 20 பேருக்கு என்றால் அரேப்பாவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த அடைப்பு எத்தனை, எத்தனை மணிக்கு என்று குறுஞ்செய்தியில் எழுதி, அவர்களிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்குங்கள். மதிய நெரிசலில் எடுக்க முடிந்தால் மட்டும் டோனர். சீஸைக் கோதுமை மாவில் சுற்றிப் பொரிக்கும் தெகேன்யோவைப் பிள்ளைகள் விடமாட்டார்கள், ஆனால் டப்பாவில் மூடினால் நமத்துவிடும். வண்டியில் சுகாதாரத் துறை அனுமதி ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒரு வண்டியில் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லி, கறுப்பு பீன்ஸ் அரேப்பா வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகு பன்றி இறைச்சித் துணுக்கு வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், அங்கேயே, மீதித் தட்டோடு. வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினால் பேச்சு இழுக்கும். தரமாட்டேன் என்றால், கிரெடிட் கார்டில் கொடுத்திருக்கும் பட்சத்தில் வங்கியிடம் முறையிடலாம். அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். படமும் ரசீதும் பத்திரம். 12 டாலருக்கு இவ்வளவு பாடா என்பது உங்கள் இஷ்டம்.

ஆனால் சமைத்தவர் உங்களை ஏமாற்றியதாக நினைக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். அந்த பீன்ஸை மணத்துக்காகப் பன்றிக்கொழுப்போடு வேகவைப்பது வெனிசுவேலாக்காரர்கள் பலரின் வழக்கம். "இறைச்சி வேண்டாம்" என்றால் 'அடைப்பில் இறைச்சி வேண்டாம்' என்று காதில் விழுந்திருக்கும். குழம்பிலிருந்து கோழித் துண்டை ஒதுக்கிவிட்டு "இப்போ சைவம்தான்" என்று ஊற்றுகிற சித்தி நம் வீட்டிலும் உண்டு. அடுத்த முறை "பீன்ஸை எதோடு வேகவைத்தீர்கள்? டோசினெட்டா போட்டீர்களா?" என்று கேளுங்கள். 'பேக்கன்' என்கிற பன்றி இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. பச்சைச் சோளத்தை அரைத்துத் தோசைபோல் வார்த்து, சீஸ் வைத்து மடிக்கும் கச்சாப்பாவில் இந்த வம்பு குறைவு. துருக்கிப் பக்கம் கீரையும் சீஸும் வைத்து மடித்துச் சுடும் மெல்லிய ரொட்டியான கோஸ்லெமே இருக்கிறது. கல்லைத் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். பொரித்தது எதுவானாலும் இறைச்சி எம்பனாடா (சோமாசி போல அடைத்துப் பொரிப்பது) வெந்த அதே எண்ணெய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பாடு கைக்கு வரும் முன்பே பணம் கட்டும் திரையைத் திருப்பி 18, 20, 25 சதவீதம் டிப்ஸ் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் தப்பா?

பதில்: சட்டப்படி தப்பில்லை, டிப்ஸ் உங்கள் விருப்பம். நான் ஒன்றிரண்டு டாலர் கொடுப்பேன். கணக்கை மட்டும் கவனியுங்கள். 28 டாலருக்கு 8.25 சதவீத வரி சேர்ந்தால் 30.31. சில திரைகள் அதன்மேல் 20 சதவீதம் போட்டு 6.06 கேட்கும். வரிக்கு முந்தைய விலையில் 5.60தான். அப்புறம், கார்டுக்குத் தனிக் கட்டணம் பிடித்தால் அதை முன்பே பலகையில் எழுதியிருக்க வேண்டும். டெபிட் கார்டுக்கு அதைப் போடவே கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு விதி.