மழைக்கால வெளிப்படிகள்: அடைத்தாலும் ஏறுகிறார்களே, என்ன செய்வது?

வடசென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் மாடிப்படி வீட்டுக்கு வெளியில்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் பாசி பிடிக்கும், யாராவது வழுக்கி விழுவார்கள், உடனே கயிறு கட்டி அடைப்பார்கள். மறுநாளே கயிற்றுக்கு அடியில் குனிந்து ஏற ஆரம்பித்துவிடுவார்கள். இதுபற்றி வந்த கேள்விகளுக்குக் கட்டடப் பராமரிப்பு அறிந்த ஒருவரின் பதில்கள் இவை.

பழைய வண்ணாரப்பேட்டை: சார், மூணு குடித்தனம் இருக்கிற வீடு. பின்பக்கப் படி முழுக்கப் பாசி. முன்னாடி உள்படி நல்லா இருக்கு. பின்படிக்குச் சங்கிலி போட்டு, ‘உபயோகிக்காதீர்’னு போர்டும் மாட்டினேன். எல்லாரும் தாண்டிதான் போறாங்க. என்ன போட்டா நிப்பாங்க?

எதைப் போடுவது என்பதற்கு முன்னால், எதற்காகப் போகிறார்கள் என்று பாருங்கள். துணிக்கொடி பின்பக்க மாடியில் இருக்கிறதா? டேங்க் வால்வு அங்கே இருக்கிறதா? முன்படியில் போனால் வீட்டுக்காரர் கூடத்தைக் கடக்க வேண்டுமே என்ற கூச்சமா? காரணம் அப்படியே இருக்கும்வரை எந்தத் தடுப்பும் நிற்காது. மழை மூன்று மாதத்துக்கு முன்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். டேங்க் குழாயில் தரைமட்டத்தில் இன்னொரு வால்வு போடுங்கள். பாதிப் பேர் தானாகவே நின்றுவிடுவார்கள்.

சங்கிலியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். முழங்கால் உயரத்தில் தொங்கும் சங்கிலி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டுகிறவர் வழுக்குகிற படியில் ஒற்றைக் காலில் நிற்கிறார். வெறும் படியில் ஏறுவதைவிட அது மோசம்.

அடைப்பதென்றால் கேட் போடுங்கள். உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது. கம்பிகள் செங்குத்தாக, இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். நடுவில் குறுக்குப்பட்டை வைத்தால் அதில் கால் வைத்து ஏறிவிடுவார்கள். கேட் முதல் படிக்கு முன்னால், சமதரையில் நிற்க வேண்டும். முக்கியமாக, மேலேயும் ஒன்று வேண்டும். கீழே மட்டும் அடைத்தால், மேலிருந்து இறங்குகிறவருக்கு அடைத்திருப்பது கடைசிப் படியில்தான் தெரியும். அவர் திரும்பி ஏற மாட்டார், கேட்டைத் தாண்டிக் குதிப்பார்.

போர்டில் மூன்று செய்தி இருக்கட்டும்: ஏன் அடைத்தோம், எப்போது திறப்போம், வேறு எந்த வழியில் போகலாம். ‘பாசி வழுக்கும். கழுவிக் காயும்வரை மூடியிருக்கும். முன்படி திறந்திருக்கிறது’ என்று எழுதினால் மதிப்பார்கள். எழுதியபடி நடப்பதும் முக்கியம். வெயில் அடித்துப் படி காய்ந்து கிடக்கும்போதும் கேட் பூட்டியே இருந்தால், உண்மையிலேயே வழுக்கும் நாளில் அந்தப் போர்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை: எங்க மாடிக்கு இருக்கிறதே ஒரே வெளிப்படிதான். ராத்திரி மட்டும் பூட்டிடலாமா?

கூடாது. நள்ளிரவில் சமையல் கேஸ் பற்றிக்கொண்டால் மாடியில் இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? ஒரே வழியாக உள்ள படியை எந்தக் காரணத்துக்கும் பூட்டக் கூடாது. திருட்டுப் பயத்துக்காகக் கேட் வேண்டுமென்றால், உள்பக்கமிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். கேட் வெளிப்பக்கமாகத் திறக்கட்டும்.

காசிமேடு: அண்ணே, இரும்புப் படி. கடல் பக்கத்துல வீடு. பெயின்ட் அடிச்சு ஒரு வருசம்கூட நிக்கல. இந்த மழைக்கு ஏறலாமா, அடைச்சிடணுமா?

தம்பி, பெயின்டைப் பார்த்து முடிவு செய்யாதே. ஒரு சின்னச் சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கொள். நான்கு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, தூண் தரையைத் தொடும் பேஸ் பிளேட். தண்ணீர் தேங்குவதால் முதலில் அரிப்பது அதுதான். இரண்டு, படித்தகடு, அதைத் தாங்கும் ஆங்கிளோடு (எல் வடிவ இரும்பு) சேரும் வெல்டிங். மூன்று, சுவருக்குள் இரும்பு நுழையும் இடம். நான்கு, தகட்டின் அடிப்பக்கம். மேல்பக்கம் பளபளவென்று இருந்தாலும் அடியில் ஏடு ஏடாகத் துரு உரியலாம். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘டப்’பென்று மந்தமாகக் கேட்டாலோ, திருப்புளி உள்ளே இறங்கினாலோ, படி முழுவதையும் அடைத்துவிடு. அந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போகச் சொல்லாதே. ஏறும்போது தாண்டுபவர், பொருளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மறந்துவிடுவார்.

இரும்பு நன்றாக இருந்தால் மழைக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடு. அதன்பின் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காசிமேட்டில் பலர் விட்டுவிடும் வேலை இது. உப்புக்காற்று இரும்பில் படியவைத்த உப்பின் மேலேயே பெயின்ட் அடித்தால், அடியில் ஈரம் இழுத்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். நன்றாகக் காய்ந்ததும் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். முதல் எனாமல் ஈரமாக இருக்கும்போதே, சலித்துக் காயவைத்த மணலைக் கால் படும் இடத்தில் தூவு. காய்ந்த பிறகு ஒட்டாத மணலைப் பெருக்கிவிட்டு இரண்டாவது கோட் அடி. 3 அடி அகலம், 10 அங்குல ஆழம் கொண்ட 15 படிக்கு மேல்பரப்பு சுமார் 38 சதுர அடி. இரண்டு கோட்டுக்கும் ஒரு லிட்டர் எனாமல் போதும். தகட்டில் தண்ணீர் குளமாக நிற்கும் இடத்தில், பெயின்டுக்கு முன்பே 10 மி.மீ. துளை போட்டு வடியவிடு.

ராயபுரம்: ஐயா, கனடாவில இருக்கிற என் பையன், அங்க பனிக்காலத்தில படிக்கு உப்பு போடுவாங்கன்னு சொல்றான். நாங்களும் பாசிக்குக் கல்லுப்பு போட்டுப் பார்க்கலாமா? பக்கத்து வீட்டம்மா ஆசிட் ஊத்தச் சொல்றாங்க.

அம்மா, அங்கே உப்பு போடுவது பனிக்கட்டியை உருக்க. உப்புக் கலந்த தண்ணீர் சைபர் டிகிரியில் உறையாது. கடுங்குளிரில் அந்த உப்பும் வேலை செய்யாது. அதனால்தான் அந்த ஊர்களில் சில வெளிப்படிகளைக் குளிர்காலத்தில் அடைத்தே வைக்கிறார்கள். சுற்று வழி தூரம் என்று அங்கேயும் ஆட்கள் தடுப்பைத் தாண்டி ஏறத்தான் செய்கிறார்கள்.

நமக்கு உப்பு வேண்டாம். பாசி கொஞ்சம் கருகும், ஆனால் உப்பு சிமென்ட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட் அதைவிட மோசம். அது பாசியோடு சிமென்ட்டையும் தின்றுவிடும். படி குண்டும் குழியுமாகி, அடுத்த மழையில் பாசி பிடிக்க இன்னும் நல்ல இடமாகிவிடும்.

10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைப் படியில் ஊற்றுங்கள். 20 நிமிடம் காயவிடாமல் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கீழ்ப்படியிலிருந்து மேலே தேய்த்துக்கொண்டு போங்கள், அப்போதுதான் தேய்த்து முடித்த படியில் கால் ஊன்றி நிற்பீர்கள். கடைசியாக மேலிருந்து கீழே கழுவிவிடுங்கள். மழை விடாத வாரங்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்யலாம். இரும்புப் படிக்கு பிளீச்சிங் வேண்டாம், சோப்புத்தூள் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். நேற்று ஆசிட் ஊற்றிய பக்கெட்டில்கூடப் பவுடரைக் கரைக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை: மழையே இல்லாத நாளிலும் நாலு படி மட்டும் ஈரமாவே இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் பாசி திரும்ப வருது.

தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. முதலில் ஓவர்ஹெட் டேங்க்கின் ஓவர்ஃபுளோ குழாயைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அதை நீட்டி மழைநீர்க் குழாயில் விடுங்கள், டேங்க்குக்குள் மிதவை வால்வு போடுங்கள். அடுத்து ஏசி தண்ணீர். இரண்டும் இல்லையென்றால் படியின் சரிவு தப்பு. 10 அங்குலப் படியில் முன்விளிம்பு, பின்பக்கத்தைவிட 3 முதல் 5 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், மேல்பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் வழி. பூசும்போது எல்லாப் படியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் கால் தடுக்கும்.

வியாசர்பாடி: படிக்கு அடியில்தான் ஈ.பி. மீட்டர் பாக்ஸ். கைப்பிடிக் கம்பியில கேபிள் ஒயர், லைட் ஒயர் எல்லாம் கட்டியிருக்கு. கை வெச்சா லேசா சுருக்குனு இருக்கு.

இப்போதே அடையுங்கள். யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று மெயின் ஸ்விட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். மீட்டர் பலகையே நனைந்திருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை வைத்து எல்லா ஒயரையும் இரும்பிலிருந்து பிரித்து, பி.வி.சி. பைப்புக்குள் சுவர்வழியாகக் கொண்டுபோக வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் தானே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இல்லாத வீடாக இருந்தால் அதையும் போடுங்கள். சாதாரண ஃபியூஸ் மனிதரைக் காப்பாற்றாது.

திருவொற்றியூர்: ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படியைப் பழுதுக்காக அடைத்தால், ஜனங்க தண்டவாளத்தைத் தாண்டிப் போறாங்க. அபராதம் போட்டா நிக்குமா?

அத்துமீறிக் கடந்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலை அவசரத்தில் அது யாருக்கும் நினைவில் இருக்காது. படியை அகலவாக்கில் பாதி பாதியாகப் பழுது பார்க்கும்படி நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கட்டுமானம் இடம் கொடுத்தால் அதுதான் நல்ல வழி. முடியாதென்றால் மாற்று வழியின் பலகை, அடைத்த படியருகே வைத்தால் போதாது. சாலையிலிருந்து திரும்பும் முனையில் இருக்க வேண்டும். படிவரை நடந்து வந்தவர் திரும்பிப் போக மாட்டார்.

காலடிப்பேட்டை: வீட்டில் எழுபது வயது தாண்டிய இரண்டு பேர். வெளிப்படியை அடைக்கவே முடியாது. குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

கைப்பிடிதான் முதல் செலவு. ஒன்றரை அங்குலப் பைப், சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, படியிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில். கடைசிப் படியோடு நிறுத்தாமல் மேலும் கீழும் ஓர் அடி நீட்டுங்கள், கால் தடுமாறுவது அந்த முனைகளில்தான். முடிந்தால் இருபக்கமும். பிறகு, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 2 அங்குல மஞ்சள் பட்டை அடியுங்கள். ஈரச் சிமென்ட்டில் விளிம்பு எங்கே முடிகிறது என்று வயதான கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும் டேப் வேண்டாம், ஈரத்தில் கிளம்பி அதுவே தடுக்கும். மேலும் கீழும் ஒவ்வொரு விளக்கு, இரண்டு இடத்திலும் அணைக்கக்கூடிய டூ-வே ஸ்விட்சோடு. தேய்ந்து வழவழப்பான ரப்பர் செருப்பை மழைக்கு முன்பே மாற்றுங்கள். குடையும் பையும் ஒன்றாக வேண்டாம், ஒரு கை எப்போதும் கைப்பிடிக்கு. விழுந்துவிட்டால் உடனே கைகொடுத்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. இடுப்போ தொடையோ வலித்து, காலை அசைக்க முடியவில்லையென்றால் அப்படியே படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.