நாலரை வயதுப் பிள்ளை தனியாக நடப்பதா?

தங்கச்சி, சூரிச்சுக்கு வந்து மூன்று மாதம்தான் என்கிறீர்கள். ஆகஸ்டில் மகளுக்குக் கிண்டர்கார்டன். தொடங்கிச் சில வாரங்களில் பிள்ளைகள் தனியாக நடந்து வரப் பழக வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. நாலரை வயதுப் பிள்ளையை எப்படி றோட்டில் விடுவது, கூடப் போனால் குறையாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

கூடப் போகலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. இங்கே பள்ளிக்குப் போய்வரும் வழி பெற்றோரின் பொறுப்பு. ஆனால் காரில் கொண்டுபோய் இறக்காதீர்கள், அதற்குத்தான் முகம் சுளிப்பார்கள்.

கழுத்தில் மாட்ட, வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி ஒன்று கொடுப்பார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து றோட்டைக் கடக்கப் பழக்குவார். இங்கத்தைய ஜெர்மனில் 'வார்த்தே, லுவெகே, லோசே, லௌஃபே': நில், பார், கேள், நட. கார்ச் சில்லு முழுதாக நின்ற பிறகுதான் கால் வைக்க வேண்டும்.

என் மகனின் முதல் இரண்டு கிழமையும் நான் மரத்துக்கும் தபால்பெட்டிக்கும் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன். ஒரு நாள் மழை. கடவையில் கார்க்காரர் வேகத்தைக் குறைத்து, போ என்று கையைக் காட்டினார். இவன் அசையவில்லை, குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். சில்லு நின்றது, கடந்தான். அப்புறம் மதிலோரம் ஒரு நத்தையைக் கண்டு குந்திவிட்டான். ஏழு நிமிட வழிக்கு அன்று இருபத்தைந்து நிமிடம். நான் நனைந்து போனேன்.

அப்போது எங்களோடு வந்து நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு. "பெடியனுக்குப் பின்னால் ஏன் கள்ளன் மாதிரிப் போறாய்?" அவர் 1960களில் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் விட்டால் புத்தகத்தைத் திண்ணையில் போட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போனால், விளக்கு வைக்கும் நேரம்தான் வீடு. எங்கே போனாய் என்று எவரும் கேட்டதில்லையாம். நான் அதே ஊரில்தான் வளர்ந்தேன், ஆனால் 1990இல், சண்டைக் காலத்தில், எனக்கு ஒன்பது வயது. பொம்பர் இரைந்தால் பங்கருக்குள் ஓடி இறங்கும் தூரம்தான் என் எல்லை. அந்த அளவுகோலை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன், அம்மா சிரித்த பிறகுதான் தெரிந்தது. உங்களிடமும் அது இருக்கலாம்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். விடுமுறையிலேயே கிண்டர்கார்டன் தொடங்கும் நேரத்தில் பிள்ளையோடு நடந்து பாருங்கள். குறுக்கு வழி வேண்டாம், கடவை குறைந்த வழியைப் பிடியுங்கள். அக்கம்பக்கத்தில் அதே வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தத் தாயிடம் போய்ப் பேசுங்கள், டொச் (ஜெர்மன்) தடுமாறினாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று பேராகப் போனால் பாதிப் பயம் போய்விடும். பிறகு கிழமைக்கு ஒரு கடவை பின்வாங்குங்கள். பெரிய றோட்டு இருந்து உண்மையிலேயே ஆபத்தான வழி என்றால் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். சின்னப் பிள்ளை தாங்க முடியாத வழி என்றால் ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

மதியம் அவள் பிந்தினால் உடனே பதறி ஓடாதீர்கள், பத்து நிமிடம் பாருங்கள். செப்டெம்பரில் காட்டுக் கஷ்கொட்டை விழத் தொடங்கும். உடுப்புத் தோய்க்கப் போட முதல் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். எங்கள் மெஷினுக்குள் பதினொன்று உருண்டது.