பாலம் மூடிய பிறகு

ஐயா, வணக்கம்.

முதுகலைப் படிப்புக்காக லண்டன் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. தங்கியிருப்பது சதக் பகுதியில், லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகே. எந்தப் பக்கம் திரும்பினாலும் பப். உடன் படிப்பவர்கள் மாலையானால் போய்விடுகிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, அறைக்குத் திரும்பிவிடுகிறேன். இவற்றுக்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு என்கிறார்கள். குடிக்கும் இடத்துக்கு என்ன வரலாறு இருந்துவிட முடியும்? இருப்பவற்றில் மிகப் பழையது எது? குடிக்காதவன் உள்ளே போகலாமா?

க.

அன்புள்ள தம்பி,

சென்ற வாரம் பரணை ஒழித்தபோது, பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்று கிடைத்தது. அதன் பின்புறம் பேனாவால் வரைந்த ஒரு முற்றம். நீங்கள் இப்போது குடியிருக்கும் பகுதியில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் எனக்கு வரைந்து தந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மிகப் பழையது எது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டத்துக்கு லண்டனில் பலர் போட்டியிடுகிறார்கள்.

ஆனால் ‘குடிக்கும் இடத்துக்கு என்ன வரலாறு’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் ஒரு தெருவில் நடந்தவர் எழுதும் வாக்கியமா இது? 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, தெற்கிலிருந்து தேம்ஸ் நதியைத் தாண்டி லண்டன் நகருக்குள் போக இருந்த ஒரே பாலம் லண்டன் பாலம்தான். இரவானால் அதன் வாயிலைச் சாத்திவிடுவார்கள். தென்கிழக்கே உள்ள கென்ட் மாவட்டத்திலிருந்து வண்டி ஓட்டி வந்தவன் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தால், விடியும்வரை தென்கரையில்தான் கிடக்க வேண்டும். அவனுக்குக் கூரை வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும். பாலத்திலிருந்து தெற்கே போகும் பரோ ஹை ஸ்ட்ரீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க விடுதிகள் முளைத்தது இதனால்தான். பீரும் அங்கே இருந்தது. சத்திரத்தில் சோறு இருப்பதுபோல.

பழைய ஆங்கிலக் கவி சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் யாத்ரிகர்கள் புறப்படுவது இங்கிருந்த டாபர்ட் விடுதியிலிருந்து. 1450இல் கலகக்காரன் ஜாக் கேட் தங்கியது ஒயிட் ஹார்ட் விடுதியில். இரண்டும் இன்று இல்லை. சந்துகளின் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தீயில் எரிந்து 1677இல் மறுபடி கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதி மட்டும் நிற்கிறது. அதுவும் ஒரு பக்கம்தான்.

இந்த ‘ஒரு பக்கம்’ என்பதைத்தான் நான் விடமாட்டேன். 1836இல் ரயில் வந்ததும் பயணிகளை ஏற்றிவந்த குதிரைக் கோச் வண்டிகள் ஓய்ந்தன. பிறகு ஒரு ரயில் நிறுவனமே ஜார்ஜை வாங்கி, 1889இல் கிடங்குக்காக இரண்டு பக்கங்களை இடித்தது. மிஞ்சிய தென்பகுதி 1937இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. வருகிறவர்கள் மரத் தாழ்வாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, விடுதியைப் பார்த்துவிட்டதாகப் போகிறார்கள். விடுதி என்பது அந்தச் சுவரா? வண்டிகள் வந்து நின்றது முற்றத்தில். சரக்கு இறங்கியது, குதிரை மாற்றியது, முன்பின் தெரியாத இருவர் அருகருகே நின்று கால் உதறிக்கொண்டது, எல்லாம் முற்றத்தில். மூன்று பக்கமும் தாழ்வாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முற்றம் அது. சுவர் மிஞ்சியது, முற்றம் வெறும் வெளியாகிவிட்டது. வீட்டை இடித்துத் திண்ணையை மட்டும் வைத்துக்கொண்டு, தாத்தா வீடு இதுதான் என்று காட்டுவதுபோல இருக்கிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்த முதியவர். கென்டிலிருந்து வரும், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களின் மூட்டைகளைக் கிடங்கில் இறக்கி ஓய்வு பெற்றவர். நான் அப்போது இரவு வேலை பார்த்தேன். என் அறையில் கணப்பு வேலை செய்யாது. பகலில் சூட்டுக்காகப் பப்பில் உட்காருவேன், ஆரஞ்சுச் சாறுடன். ஒரு நாளும் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர் தம் அப்பாவைப் பற்றிச் சொல்வார்: பப்பை இரண்டாகப் பிரித்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தொழிலாளிகளுக்கான பப்ளிக் பாரில் வாழ்நாள் முழுக்கக் குடித்தவர், அந்தப் பக்கம், வசதியானவர்களுக்கான சலூன் பாருக்குள் ஒருமுறைகூட நுழையாதவர். அங்கே அதே பீருக்கு விலை கூடுதல்.

முதல் உலகப்போர்க் காலத்துச் சட்டத்தால், 1988வரை பிற்பகலில் பப்களைச் சாத்திவிடுவார்கள். மூன்று மணிக்கு எங்களை வெளியே அனுப்புவார்கள். ஐந்தரைக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். குளிரில் இருவரும் ஜார்ஜின் முற்றத்துக்குப் போய் உட்காருவோம். அப்படி ஒரு பிற்பகலில்தான், இல்லாமல் போன இரண்டு பக்கங்களையும் அந்த அட்டையில் வரைந்தார். லாயத்தை இன்ன இடத்தில் போடலாமா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, அடித்து அடித்து வரைந்தார். ஒரு மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. வீடு எங்கே என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

உள்ளே போங்கள், தம்பி. மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நேராகப் பார் மேடைக்குப் போய் வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். முகவரி எழுதுங்கள், அந்த அட்டையின் நகலை அனுப்புகிறேன். தாழ்வாரத்தைப் பார்த்தபடி நின்றால், முதுகுக்குப் பின்னால் வரும் பக்கத்தில் அவர் ஏழு ஜன்னல்கள் போட்டிருக்கிறார்.