வேஷம் மாறினால் போதுமா?

கேள்வி: ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் என் முன்கோபத்தை விட்டுவிடுவதாகக் கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கிறேன். இரண்டு வாரம் தாங்குகிறது. பிறகு பழையபடி வீட்டாரிடம் எரிந்து விழுகிறேன். மனம் புதிதானால் மாற்றம் நிலைக்கும் என்கிறார்களே, என் ஜெபத்தில் குறையா?

பதில்: உங்கள் ஜெபத்தில் குறை காண நான் யார்? ஆனால் கோபத்தை ஒப்புக்கொடுத்த நீங்கள், 'நான் சொன்னபடிதான் நடக்கவேண்டும், மறுத்துப் பேசுவது என்னை அவமதிப்பது' என்று அந்தக் கோபத்துக்கு நியாயம் கற்பிக்கும் எண்ணத்தைப் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது.

நீங்கள் குறிப்பிடும் வசனம், அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தில் உள்ள ரோமர் 12:2. இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்கிறார் பவுல். ('வேஷம்' என்ற சொல்லைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரை நான் பலமுறை மெச்சியிருக்கிறேன்.) மனம் என்பதற்கு அங்கே நிற்கும் 'நூஸ்' என்னும் கிரேக்கச் சொல் உணர்ச்சிப் பெருக்கைச் சொல்வதன்று, எது சரி, எது பெரிது என்று மதிப்பிடும் அறிவைச் சொல்வது. 'மறுரூபமாகுங்கள்' என்பதும் மூலத்தில் தொடர்ந்து நடைபெறும் செயலாக, அதுவும் செயப்பாட்டு வினையாக அமைந்திருக்கிறது. ஆகவே மாற்றுகிறவர் தேவன், அதற்கு நாள்தோறும் இடங்கொடுக்கவேண்டியவர் நீங்கள். கூட்டத்தில் அழுது முடித்ததும் முடிந்துவிடுகிற காரியமாகப் பவுல் அதை எழுதவில்லை.

விட்டுவிடுவதோடு நின்றுவிடுவதும் ஆபத்து. பெருக்கி அலங்கரிக்கப்பட்டும் வெறுமையாயிருந்த வீட்டுக்கு, புறப்பட்டுப்போன அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை மத்தேயு 12-ல் இயேசு சொல்கிறார். எபேசியர் 4:28-ல் பவுலும் திருடனிடம் திருடாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கைகளால் உழைத்து, குறைவுள்ளவனுக்குக் கொடு என்கிறார். பிறர் பொருளைத் தன் பொருளாகக் கண்டவன், தன் பொருளிலும் பிறருக்குப் பங்கு உண்டென்று காணத் தொடங்கும்போதுதான் அவன் மனம் புதிதாகிறது. உங்கள் காரியத்தில், எதிர்த்துப் பேசுகிறவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர், அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று நீங்கள் உண்மையாகவே நம்பவேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு அடங்கியிருப்பது அதற்கு ஈடாகாது.

வரி வசூலிக்கும் ஆயக்காரனாயிருந்த சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்; அவனால் பாதிக்கப்பட்டவர்கள் அவன் நினைவில் இருந்தார்கள். உங்கள் கடிதத்திலோ கண்ணீரும் கூட்டமும் ஜெபமும் இருக்கின்றன; உங்கள் சொல்லால் புண்பட்ட வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லையே, ஏன்?