லென்ஸ் அப்புறம் வாங்கலாம், முதலில் அசையாமல் நிற்கப் பழகுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் இந்தோனேசியாவில் உள்ள லெம்பே நீரிணைக்கு டைவிங் போகிறேன். இதுவரை 40 டைவ் முடித்திருக்கிறேன். ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத உறையோடு ஒரு காம்பாக்ட் கேமரா இருக்கிறது. சின்ன உயிரினங்களை எடுத்தால் படம் நீலம் பாய்ந்து, வெள்ளைப் புள்ளிகளோடு மங்கலாக வருகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹவுசிங் முன்னால் மாட்டும் இந்த மேக்ரோ லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்கும். கூடவே உங்கள் கை ஆட்டத்தையும் பெரிதாக்கும். அந்தப் பணத்தில் ஸ்ட்ரோப், அதாவது ஹவுசிங்குக்கு வெளியே பொருத்தும் தனி ஃபிளாஷ், ஒன்று வாங்குங்கள். நீலமும் புள்ளியும் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். அதனால் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கி, ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் எடுங்கள்; நிறம் திரும்பி வரும். வெள்ளைப் புள்ளிகள், மிதக்கும் துகள்களில் ஃபிளாஷ் பட்டுத் தெறிப்பவை. லென்ஸை ஒட்டிய ஃபிளாஷில் இது அதிகம். ஸ்ட்ரோப்பைப் பக்கவாட்டில் தள்ளி, வெளிச்சத்தின் ஓரம் மட்டும் உயிரினத்தின் மேல் படும்படி திருப்புங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, அபர்ச்சர் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/200 விநாடி, ஐஎஸ்ஓ 100 என்று ஆரம்பித்தால் போதும்.

மங்கலுக்கு மருந்து உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் சில மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். போவதற்கு முன் வீட்டில் ஒரு கறுப்புத் துணியில் நாலு கிராம்பைப் பரப்பி, கேமராவை ஹவுசிங்கோடு பிடித்து, மொட்டின் நுனி மட்டும் தெளிவாக வரும்படி எடுத்துப் பாருங்கள். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, தெளியும் கணத்தில் அழுத்த வேண்டும். நூடிபிராங்க் என்கிற ஓடில்லாத கடல் நத்தைக்கும் இதே பழக்கம்தான்: தலையில் இருக்கும் இரண்டு கொம்புகள் தெளிவாக இருக்கட்டும். மேலிருந்து எடுக்காதீர்கள், தட்டையாகிவிடும். அதன் மட்டத்துக்கே இறங்குங்கள்.

லெம்பேயில் இறங்குவதுதான் கஷ்டம். அடித்தளம் கறுப்பு எரிமலை மணல், மாவு போல எழும்பும். காலில் மாட்டிய துடுப்பை ஒரு முறை கீழ்நோக்கி அடித்தால் போதும், உங்களுக்கும் பின்னால் வருபவருக்கும் காட்சி போச்சு. துடுப்பைத் தூக்கி வைத்து, தவளை போலக் காலை விரித்து நீந்துங்கள். நீரோட்டத்துக்கு முகம் கொடுத்தபடி நெருங்கினால் கிளம்பும் மணல் பின்னால் போய்விடும். விரலை ஊன்றும் முன் மணலை நன்றாகப் பாருங்கள். விஷமுள்ள தேள் மீன் அங்கே மணலோடு மணலாகப் படுத்திருக்கும். இன்னொன்று, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் கிடந்தால் 27 டிகிரித் தண்ணீரிலும் நடுங்கும், படமும் சேர்ந்து நடுங்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் டைவிங் உடை) எடுத்துப்போங்கள்.

பிக்மி கடற்குதிரையைக் காட்டச் சொல்லி கைடிடம் கட்டாயம் கேட்பீர்கள், நானும் கேட்பேன். இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். அது ஒட்டி வாழும் கடல் விசிறி என்கிற விசிறி வடிவப் பவளத்தின் முண்டுகளைப் போலவே அதன் உடம்பிலும் முண்டுகள். 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்கிபான் என்பவர், சேகரித்த கடல் விசிறியை ஆராய்ந்தபோதுதான் அது மனிதர் கண்ணிலேயே பட்டது. ஆள் நெருங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விசிறியைத் தொடாமல், மூச்சை அடக்காமல், மெதுவாக விட்டபடி காத்திருங்கள். அது இருக்கும் ஆழத்தில் நேரமும் காற்றும் சீக்கிரம் கரையும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கணினியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாலைந்து படம் எடுத்ததும் விலகி வழிவிடுங்கள். திரும்பவே இல்லையென்றால் குச்சியால் திருப்பச் சொல்லாதீர்கள். கைடு தானாகச் செய்ய வந்தாலும் கையைக் காட்டித் தடுங்கள்.