பெற்றோரோ ஆசிரியரோ அல்லாத பெரியவர்கள் தெருப் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு எப்படித் துணை நிற்கலாம்?

பெற்றோராகவோ ஆசிரியராகவோ இல்லாத ஒருவர், தம் தெருவில் வளரும் பதின்பருவப் பிள்ளைகள் நல்லபடி வளர்வதற்கு உண்மையில் எதைச் செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்துகொண்டு, மதிப்பெண்ணைப் பொறுத்து ஏறி இறங்காத அக்கறையைப் பல ஆண்டுகள் விடாமல் காட்டுவதுதான் முதன்மையான உதவி என்று நான் நம்புகிறேன். அதற்குப் பணமோ பதவியோ தேவையில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வின் துணையும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய உளவியலாளர்கள் தம் குழுவினருடன் நடுத்தர வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்பின்போது நேர்ந்த சிக்கல், ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல இடர்களை ஒன்றாகச் சுமந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பிறர்மீது அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வாய்த்த துணைகளில் முக்கியமான ஒன்று, தாத்தா பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டார், ஆசிரியர் என யாரோ ஒருவருடன் அமைந்த உறுதியான உறவு. பதின்பருவத்தில் தடம் மாறிப் போனவர்களிலும் பெரும்பாலோர் நாற்பது வயதை எட்டுவதற்குள் மீண்டுவிட்டார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் என்னை மிகவும் தொட்ட செய்தி. பதினேழு வயதுப் பையனைப் பார்த்து ‘இவன் தேறமாட்டான்’ என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

நம் ஊர்களில் பெரியவர்களின் அக்கறை எத்தகையது என்பது பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் தெரிந்துவிடும். எவ்வளவு மார்க் என்று கேட்பவர்கள் நிறைய உண்டு; அடுத்து என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று கேட்பவர்கள் குறைவு. தேர்ச்சி பெறாத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும், அதில் தேறினால் இந்த ஆண்டே கல்லூரியில் சேர வழியுண்டு என்று பெற்றோர் முன்னிலையில் நிதானமாக எடுத்துச் சொல்பவர், அன்றைக்கு அந்த வீட்டுக்கு மிகவும் வேண்டியவர்.

யாருமே கல்லூரிப் படி ஏறாத குடும்பங்களில் பிள்ளைகள் பின்தங்குவதற்குப் படிப்புக் குறைவைவிட விவரம் தெரியாமையே பல நேரங்களில் காரணமாகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அவை வருவாய்த் துறை அலுவலர்களின் பரிசீலனை முடிந்து கைக்கு வரச் சில நாட்கள் ஆகும் என்பதும், முதல் பட்டதாரிக்குப் பொறியியல் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதும் அவ்வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. அலுவலகப் படிவங்களோடு பழகிய ஒருவர், ஏப்ரல் மாதத்திலேயே இரண்டு மாலைப்பொழுதுகளை ஒதுக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் அமர்ந்து இவற்றைச் சரிபார்த்தால், கடைசி நாள் அலைச்சலில் கைநழுவிப் போகும் ஒரு கல்லூரி இடம் காப்பாற்றப்படும்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர், புதிதாக வந்த புத்தகங்களில் ஒன்றை எனக்கென எடுத்து வைப்பார். திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பகுதி பிடித்தது, எங்கே சலித்தது என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார். என் கருத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை எனக்கு முதலில் உணர்த்தியவர் அவர்தான்.

தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. பதினெட்டு வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே பெட்டிக்கடை அண்ணன் ‘உனக்குத் தரமாட்டேன், தம்பி’ என்று சொல்வதும் பிள்ளை வளர்ப்பில் அவருடைய பங்குதான். உரிமம் இல்லாத சிறுவனிடம் அன்பின் பெயரால் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிறர் வீட்டுப் பிள்ளையுடன் பழகும் எவரும் அதைப் பெற்றோர் அறிய, நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தனியறையும் இரகசியப் பரிசும் கூடாது. நம்பிக்கை வளர்ந்தபின் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லத் தொடங்கினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உன் பாதுகாப்புக்காக நான் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் உன்னிடம் தெரிவித்துவிட்டே சொல்வேன் என்று கூறிவிட்டுக் குறுக்கிடாமல் கேளுங்கள். அது பாலியல் குற்றமாக இருந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கட்டாயம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.